உளுந்துப் பையும் கட்டம் போட்ட கைலியும்

யாங்கோன்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்கக் காளியம்மன் துணை.

ஞாயிற்றுக்கிழமை போனில் "வலி இருக்கிறதாப்பா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்பாடா, சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு வீடு மாற்றும் பேச்சை எடுத்தாய். லிஃப்ட் உள்ள கட்டடம், இல்லாவிட்டால் சிங்கப்பூர். அதற்குள் கரண்ட் போய்ப் பேச்சும் அறுந்தது. சம்பந்தியம்மாவுக்கும் இடுப்பு மூட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னாயே, அதனால்தான் இதைத் தாளில் எழுதுகிறேன். அவரிடமும் படித்துக் காட்டு.

வலி என் விஷயத்தில் ஆறே வாரத்தில் போய்விட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மாசியில் என் இடுப்பு மூட்டை மாற்றிய அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடக்க வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் நின்றாய். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதே, கால் மேல் கால் போடாதே, காலை உட்பக்கம் திருப்பாதே, தாழ்ந்த ஆசனத்தில் உட்காராதே, படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சி. எல்லாம் சரியான புத்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு வாரத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லை. சித்திரையில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருநாள் வந்தது, தெருவெல்லாம் வழுக்கல். வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வலியும் இல்லை. பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. ஐந்தாவது வாரம், தடி ஊன்றி முனை டீக்கடைக்குப் போனேன். அங்கே என்ன போட்டிருப்பார்கள்? நம் பேரன் உட்காருகிற உயரத்தில் பிளாஸ்டிக் முக்காலி. நாற்பது வருடப் பழக்கம், யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. எழ முடியவில்லை. கடைப் பையன்கள் இருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மூட்டு நழுவாதது நான் செய்த புண்ணியம் அல்ல, உன் அம்மா செய்தது. இப்போது அந்தக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் உயர நாற்காலி வைத்திருக்கிறார். நான் போனால் கேட்காமலே அதை எடுத்துப் போடுகிறார், துரை வந்ததுபோல.

வைகாசியில் ஒருநாள் உன் அம்மா வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். என் செருப்பு ஜோடியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒரு செருப்பின் குதிகால் வெளிவிளிம்பில் கத்தியால் சீவியதுபோல் தேய்ந்திருந்தது. மற்றது அப்படியே இருந்தது. "நீங்கள் இன்னமும் நொண்டுகிறீர்கள்" என்றாள். நான் நொண்டவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். நொண்டுகிறவனுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

பிறகுதான் ஒரு சயாமாவைத் தேடிப் பிடித்தோம் (படித்த பெண்ணை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்). பர்மியப் பெண், உன் வயதுதான் இருக்கும், பிசியோதெரபி படித்தவள். வந்ததும் என்னை அலமாரிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "ஊலே (மாமா), ஆபரேஷன் செய்த காலில் மட்டும் நில்லுங்கள்" என்றாள். அன்று கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தேன். நல்ல காலைத் தூக்கினேன். கண்ணாடியில் கைலியின் குறுக்குக் கோடுகள் எல்லாம் தூக்கிய காலின் பக்கமாகச் சரிந்தன. காற்றில் பலகை சாய்ந்ததுபோல் இருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. கோட்டைக் காட்டினாள், அவ்வளவுதான்.

இதில் மருத்துவம் படித்தவர்களைவிட எனக்குச் சீக்கிரம் புரிந்தது, ஏனென்றால் நாற்பது வருடம் பயறு வியாபாரத்தில் தராசு பிடித்தவன் நான். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு ஒரு தராசுக் கோல். மூட்டுதான் அதன் முள், கோல் ஆடுகிற இடம். ஒரு பக்கம் உடம்பின் பாரம், மறுபக்கம் இடுப்பின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு தசை. கைலியைச் செருகும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு ஒரு காலில் நின்று பார், அது கல்லாக இறுகுவது தெரியும். எனக்கு அந்தத் தசை அறுவை சிகிச்சையால் மட்டும் தளரவில்லை. அதற்கு முன் நான்கு வருடம் வலிக்குப் பயந்து அந்தக் காலுக்கு வேலையே கொடுக்காமல் வைத்திருந்தேனே, அப்போதே அது தூங்கிவிட்டது. மருத்துவர் முள்ளை மாற்றிவிட்டார். படிக்கல் என் கணக்கில்தான் இருந்தது.

தடி விஷயமும் அதே தராசுதான். நோகிற காலின் பக்கமே தடியைப் பிடித்து வருடக்கணக்கில் நடந்திருக்கிறேன். எதிர்க்கையில் பிடிக்க வேண்டுமாம். கோலின் நுனியில் வைத்த சிறிய கல் பெரிய மூட்டையைத் தூக்குவதுபோல், மூட்டிலிருந்து தள்ளி இருக்கும் கை கொஞ்சம் அழுத்தினால் போதும், அந்தத் தசைக்கு நிறையச் சுமை குறையும். சம்பந்தியம்மாவுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடு.

சயாமா கொடுத்த வேலைகளில் எனக்குப் பிடித்தது உளுந்துப் பை. நல்ல பக்கம் சாய்ந்து படுத்து, நடுவில் தலையணை வைத்து, மாற்றிய காலை நேராக மேலே தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். முதல் மாதம் வெறும் கால். பத்தாவது தடவைக்குள் அந்தத் தொடை கொதிக்கும். பிறகு பாரம் கட்டச் சொன்னாள். கடையில் விற்கிற பாரப்பட்டைக்கு ஒரு விலை சொன்னார்கள், நான் சிரித்துவிட்டேன். உன் அம்மா பழைய தலையணை உறையில் பை தைத்தாள். அரை வீசை உளுந்தை நிறுத்துப் போட்டு கணுக்காலில் கட்டிக்கொண்டேன். (உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 800 கிராம். நம் வீசைதான் பர்மியர் வாயில் 'விஸ்' ஆயிற்று என்று பேரனுக்குச் சொல்.) இந்தியாவுக்கு மூட்டை மூட்டையாய் உளுந்து ஏற்றிய கையால் அரை வீசையைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

நீட்டி மடக்குவதில்தான் அதிகப் பொறுமை வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் குனிந்தே நடந்ததில் இடுப்பின் முன்பக்கம் சுருங்கிவிட்டிருந்தது. மல்லாந்து படுத்து நல்ல முழங்காலைக் கையால் அணைத்து, மற்ற காலை மெத்தையோடு மெத்தையாக அழுத்தி அரை நிமிடம். அவ்வளவுதான் பயிற்சி. பார்க்க ஒன்றுமில்லாதது, மறுநாள் நிமிர்ந்து நடக்கும்போதுதான் அருமை தெரியும். மூன்று மாதம் வரை என் கால் நகத்தை உன் அம்மாதான் வெட்டினாள். பிறகு சயாமா அனுமதித்தாள்: முழங்காலை வெளிப்பக்கம் சாய்த்து, கணுக்காலை மறு தொடைமேல் வைத்து வெட்டலாம், உட்பக்கம் மட்டும் திருப்பக்கூடாது. நானே வெட்டிய முதல் நாள் கோணல்மாணலாக வெட்டிச் சதையையும் கிள்ளிக்கொண்டேன். உன் அம்மா நகவெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஒன்று கவனம். எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்தது, அதனால் எனக்கு இந்த விதிகள். முன்பக்கமாகத் திறந்து செய்தால் விதிகள் வேறு. சம்பந்தியம்மா தம்முடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ என்னைப்போல் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

அவர் பயப்படுகிறார் என்றாயே, இந்த ஊர்க் கதை ஒன்று சொல். 1960இல் மாண்டலே பொது மருத்துவமனையில் சான் பாவ் என்ற எலும்பு மருத்துவர், தொடையெலும்புக் கழுத்து முறிந்த 83 வயது பௌத்தப் பெண் துறவி ஒருவருக்கு யானைத் தந்தத்தைக் கடைந்து மூட்டாக வைத்தார். உலோகத்தைவிடத் தந்தம் அப்போது இங்கே மலிவு. அடுத்த இருபது வருடத்தில் முந்நூறு பேருக்கு மேல் அப்படி வைத்தார், 1969இல் லண்டனுக்கே போய் மருத்துவர்கள் கூட்டத்தில் அதைப்பற்றிப் பேசினார். எனக்கு வைத்தது உலோகத் தண்டும் பீங்கான் உருண்டையும் பிளாஸ்டிக் கிண்ணமும். தந்தமாக இருந்திருந்தால் டீக்கடையில் இன்னும் மரியாதை கிடைத்திருக்கும்.

இப்போது வீட்டு விஷயம். நம் மூன்றாம் மாடிக்கு 52 படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மாற்றிய கால் முதலில் என்று சொல்லித்தான் சயாமா தொடங்கினாள். இப்போது மாறிமாறி வைத்து ஏறுகிறேன், கைப்பிடியைத் தொட்டபடி. அந்தப் படிகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் தசைக்கு வேறு எங்கே போவேன்? லிஃப்ட் உள்ள கட்டடத்திலும் கரண்ட் போனால் படிதான். காய்கறி எப்போதும்போல் பால்கனிக் கயிற்றில் மேலே வருகிறது, கீழே யாராவது மணியை இழுத்தால் உன் அம்மா ஓடுகிறாள். தரையில் சப்பணமிட்டு உட்காருவதை விட்டுவிட்டேன், கோயிலில் நின்றே கும்பிடுகிறேன். இந்த இரண்டும் எனக்குக் குறைதான், மறைக்கவில்லை.

நேற்று மறுபடி கண்ணாடி முன்னால் நின்றேன். இருபது எண்ணும்வரை கோடு சரியவில்லை. இருபத்தொன்றில் சரிந்தது. அடுத்த தடவை போனில் வலியைக் கேட்காதே, எத்தனை எண்ணினீர்கள் என்று கேள்.

பணம் அனுப்ப வேண்டாம். இந்த மழையில் பட்டைச் செருப்போடு படி இறங்கக்கூடாது என்று சயாமா முறைக்கிறாள். குதிகாலில் வார் உள்ள செருப்பு, எட்டாம் நம்பர், வழுக்காத அடி. கறுப்பு வேண்டாம், மண்ணிறம்.

அன்புடன்,
அப்பா