வரி இருக்கிற பக்கம் கெட்டி

அன்புள்ள மாமாவுக்கு,

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, கூடத்துச் சுவரில் இருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால் நின்றீர்கள். அதைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது "இது என்ன?" என்றுதான். ஒருவர் துணி மடிப்பு என்றார். பக்கத்து வீட்டுப் பையன் திமிங்கலத்தின் முதுகு என்றான். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அது மணல் மேடு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது உங்களுக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே போனீர்கள். படத்தின் மேல் விரலை வைத்து, "காத்து இந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கு மருமவனே. வரி இருக்குல்லா, இது கெட்டி. வண்டி ஏறிரும். அந்தக் கறுப்புப் பக்கம் போனா பொதஞ்சிரும்" என்றீர்கள்.

அதற்குள் உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று பேச முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்னதை அவர்களும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அது அபுதாபிப் பாலைவனத்தில், லிவாவில் எடுத்தது மாமா. நீங்கள் சர்வே கேம்ப்பில் பிக்கப் ஓட்டிய அதே பக்கம். மார்ச் மாதம், மாலை ஐந்தேகால் மணி. அங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிற ஷமால். அது மணலைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. மணல் துள்ளித் துள்ளித்தான் போகிறது. ஒரு பரல் எழும்பி விழுகிறது, விழுந்த இடத்தில் இன்னும் சிலதைக் கிளப்பிவிடுகிறது. இப்படியே மேட்டின் மேல் ஏறி, உச்சிக்குப் போனதும் காற்றில்லாத அந்தப் பக்கம் விழுகிறது. விழுந்து சேரச் சேரச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே வருகிறது. கிட்டத்தட்ட 34 டிகிரி ஆனதும், தாங்க முடியாமல் வழிந்து இறங்குகிறது. நம் ஊர் உப்பளத்தில் அம்பாரமாகக் குவித்த உப்பும் தன் சாய்வுக்கு மேலே நிற்காமல் சரியுமே, அதே கதைதான். காற்று மோதுகிற பக்கம் 10, 15 டிகிரிதான் சாய்வு. அங்கே மணல் அடித்து இறுகிக் கிடக்கும், அலை அலையாக வரி விழும். மறைவுப் பக்கத்து மணல் வெறுமனே வந்து விழுந்தது, இறுகாதது. அதனால் வரி இல்லை, வழவழப்பாக இருக்கும். நீங்கள் ஒரு விரலை வைத்துச் சொன்னது இவ்வளவும்தான்.

ரால்ஃப் பேக்னால்ட் என்று ஓர் ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் இருந்தார். 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு சுற்றியவர். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் புதையாமல் போகலாம் என்பதையெல்லாம் அங்கே ஓட்டித்தான் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு உள்ளே காற்றை வேகமாக ஓடவிடும் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி, அதில் மணலைப் போட்டுச் சோதனை செய்தார். மணலும் காற்றும் சேர்ந்து மேடு கட்டுவதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941-இல் வந்தது. இன்றைக்கும் அந்தத் துறைக்கு அதுதான் அடித்தளம். முதலில் வண்டி ஓட்டினார், அப்புறம்தான் கணக்குப் போட்டார். அதை வாசித்தபோது உங்கள் ஞாபகம் எனக்கு வராமல் எப்படி இருக்கும்?

இனி என் பக்கத்துக் கதை. படமெடுக்கிறவனுக்கு அந்த 34 டிகிரிதான் சாவி. இதை நான் புரிந்துகொள்ள நாலைந்து வருடம் ஆனது. சூரியன் மறைவுப் பக்கத்துக்கு நேர் பின்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் 34 டிகிரிக்கு மேலே இருக்கும் வரை அந்தச் சரிவில் வெயில் விழும். அதற்குக் கீழே இறங்கியதும் சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் நிழலுக்குள் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது கிடையாது, விளக்கை அணைத்த மாதிரிதான். சூரியன் நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால், இன்னும் தாழ இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். லிவாவில் இந்தச் சரிவுகள் பெரும்பாலும் தெற்கையும் தென்கிழக்கையும் பார்த்தவை. அதனால் அவற்றுக்கு மாலைதான் நேரம். விடியற்காலையில் போ, விடியற்காலையில் போ என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இருட்டில் எழுந்து ஓடினேன். போய்ப் பார்த்தால் நான் தேடிய சரிவில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருக்கும். எந்த வேளை நல்ல வேளை என்பது அந்த மேடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

லிவா கடக ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். ஜூன் கடைசியில் நடுப்பகலில் நம் நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டுவிடும். அந்த வேளையில் 300 மீட்டர் மணல் மலையும் கேமராவுக்குத் தட்டைதான். ஒரு மேடும் தெரியாது, ஒரு பள்ளமும் தெரியாது. வெள்ளை வெளேரென்று ஒரு பரப்பு, அவ்வளவுதான். நிழல் வந்த பிறகுதான் மணலுக்கு உருவமே வருகிறது.

வானத்தை ஏன் வைக்கவில்லை என்று அத்தை கேட்டார்கள். தொடுவானம் தெரிந்தால் கண் உடனே "சரி, பாலைவனம்" என்று பேர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது மாமா. ஒட்டகம் வைத்தாலும் அப்படித்தான், ஆள் நின்றாலும் அப்படித்தான். அவற்றை எடுத்துவிட்டால் அளவே தெரியாது. உள்ளங்கை அகலமா, ஒரு மலையா என்று சொல்ல முடியாது. பேர் வைக்க முடியாததால் கண் அங்கேயே நிற்கிறது, கோடு எங்கே போகிறது என்று பார்க்கிறது. அதற்காக 200 மி.மீ. லென்ஸைப் போட்டு, அந்த ஒரு வளைவை மட்டும் தூரத்திலிருந்து வெட்டி எடுத்தேன். கிட்டே போயிருந்தால் என் கால்தடம்தான் படத்தில் இருந்திருக்கும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனின் படங்கள். 1936-இல் கலிஃபோர்னியாவில் ஓசியானோ என்ற இடத்தில் எடுத்தவை. அது கடலோர மணல், பாலைவனம் இல்லை. ஆனாலும் மணலையும் நிழலையும் இப்படிப் பார்க்கலாம் என்று நான் முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவைச் சுமந்துகொண்டு அந்த மேடுகளில் ஏறியிருக்கிறார். அவர் மகன் பிரெட் வெஸ்டனும் அதே மணலை எடுத்தார். அப்பாவின் படங்களில் நிழலுக்குள்ளும் மணல் தெரியும். மகன் பல படங்களில் நிழலை முழுக் கறுப்பாகவே விட்டுவிட்டார். எனக்கு மகனின் வழிதான் பிடித்தது. சுவரில் இருக்கும் என் படத்தில் முக்கால்வாசி கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அவர்தான்.

அந்தக் கறுப்பைப் பற்றி நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். செருப்பு மாட்டிக்கொண்டே, "ஆனா நெழலு அப்படிக் கறுப்பா இருக்காதே, நீலமால்லா இருக்கும்" என்றீர்கள். சரிதான் மாமா. வெயில் படாத சரிவுக்கு வெளிச்சம் வானத்திலிருந்துதான் வருகிறது, அதனால் அது நீலம். வெயில் பட்ட மணல், இரும்புத் துரு ஏறியதால், ஆரஞ்சு. நம் தேரிக்காட்டு மணல் சிவந்திருப்பதும் அதே இரும்பினால்தான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தை மட்டும் இருட்டாக்கினேன். ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டரை லென்ஸ் முன்னால் மாட்டினால் இதேதான் நடக்கும். சிவப்புக் கண்ணாடி நீலத்தைத் தடுத்து ஆரஞ்சை உள்ளே விடும். அதனால் நிழல் இன்னும் இருண்டு, வெயில் பட்ட பக்கம் வெளுக்கும். கேமராவைத் தன்போக்கில் விட்டால் எல்லா மணலையும் ஒரே சாம்பல் நிறமாக்க முயலும். அதனால் வெயில் பட்ட வரிகளுக்கு மட்டும் வெளிச்ச அளவு வைத்தேன், நிழலை அதன் போக்கில் விழ விட்டேன். நான் அந்த இடத்தில் பார்த்த நிறம் படத்தில் இல்லை, உண்மைதான். அந்தக் கோடு மட்டும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற அந்த முனை, துள்ளி வந்த மணல் கடைசியாகக் காலூன்றுகிற இடம். இன்னும் ஒரு பரல் விழுந்தால் சரியும். அதை நிறம் மறைத்துவிடுமோ என்று பயந்தேன்.

இன்னொரு விஷயம். நீங்கள் போன மறுநாள் சுவருக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தோம். தலைகீழாக வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பக்கம் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மேடு இருந்த இடத்தில் பள்ளம்! வரியெல்லாம் குழிந்து, உழுத சாலாகத் தெரிந்தது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் மேடும் பள்ளமும் இடம் மாறிவிடும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும், என் படத்திலேயே நடந்து பார்த்ததில்லை. உங்களை அழைத்துக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. தலைகீழாக வைத்தாலும் நீங்கள் காற்று வந்த பக்கத்தைச் சொல்லிவிடுவீர்களா?

இந்தக் கடிதத்தின் கூட இன்னும் நாலு படங்கள் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் அதே லிவா, வேறு வேறு மாதங்கள். மூன்றாவதில் இரண்டு மேடுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, அதில் காற்று எந்தப் பக்கம் என்று எனக்கே பிடிபடவில்லை. பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பென்சிலில் ஒரு அம்புக்குறி போட்டு, வண்டி எந்த இடத்தில் ஏறும் என்று எழுதி அனுப்புங்கள். முட்டி வலி குறைந்ததா என்பதையும் எழுதுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்