கொற்கையில் கடல் எங்கே?

தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் தூத்துக்குடி மாவட்ட நிர்வாகத்துக்கும்

வணக்கம்.

வெளியூரிலிருந்து வந்த தங்கை பிள்ளைகளைக் கொற்கைக்கு அழைத்துப் போயிருந்தேன். பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கியதும் சின்னவள் கேட்டாள்: "கடல் எங்கே, மாமா?"

சுற்றிலும் வாழையும் வயலும் குளமும்தான். கடலுக்கு இன்னும் 6, 7 கிலோமீட்டர் கிழக்கே போகவேண்டும்.

அவள் கேள்விக்கான விடைதான் கொற்கையின் வரலாறு. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கழிமுகத்தில் கொட்டிக்கொட்டிக் கடலை ஒதுக்கியது. கொற்கைத் துறை தூர்ந்தபின் கிழக்கே காயல் தலையெடுத்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட செழிப்பான துறை அது. அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல் என்ற பெயரோடு நிற்கிறது. ஆறு இப்போது கடலில் கலப்பது புன்னைக்காயலில். கொற்கையிலிருந்து அங்கே போனால் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்துவிடலாம். இதைச் சொல்லும் ஒரு பலகைகூட அன்று எங்கள் கண்ணில் படவில்லை.

1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 8-ஆம் நூற்றாண்டைக் காட்டியது. 2021-லும் தோண்டினீர்கள். உங்கள் உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் குழிகளுக்கு வெளியேயும் கொற்கை இருக்கிறது. பக்கத்து ஊரின் பெயரே அக்காசாலை. நாணயம் அடித்த கூடம் என்று பொருள். வரப்போரம் சின்னவள் ஒரு சங்குத் துண்டை எடுத்தாள். ஒருபக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வாளால் அறுத்ததுபோல் நேர்க்கோடு. வளையல் அறுத்தபின் எறிந்த கழிவாக இருக்கலாம் என்றேன். நெடுநேரம் அவள் அதைக் கையை விட்டு இறக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். குளத்தைத் தூர்வாரும்போதும் வண்டல் அள்ளும்போதும் தொல்லியல் அறிந்த ஒருவர் உடன் நிற்கட்டும். மண் லாரியில் ஏறிவிட்டால் அதிலுள்ள சங்குக்கும் பானை ஓட்டுக்கும் ஊர் கிடையாது. பழைய கரையும் ஆற்றின் பழைய தடமும் எங்கெங்கே என்று மண்ணைத் துளையிட்டு ஆராய்ந்து, கண்டதை வரைபடமாக்கிக் கொற்கையிலும் பழையகாயலிலும் புன்னைக்காயலிலும் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எங்களுக்கு, ஆறு எங்கெல்லாம் ஓடியது என்பது பழங்கதை மட்டும் அல்ல.

சங்குத் துண்டை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டாள். அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது அந்த வரப்பு அப்படியே இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையில் வாழும் ஒருவன்