லிங்கனிலிருந்து: ஒன்பது தோல்விகளும் அவற்றைப் பேசியவர்களும்

லிங்கன், நெப்ராஸ்கா
27 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அம்மா, அப்பா, நீ எல்லோரும் நலந்தானே?

நண்பர்களோடு சேர்ந்து நம்மூர்ப் பக்கத்துக் கபடி ஆட்டங்களைப் பற்றிப் பாட்காஸ்ட் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். எதைக் கேட்டால் ரசிகன் கொதிப்பான், எதைக் கேட்டால் அடுத்த வாரமும் தேடி வருவான் என்றும் கேட்டிருந்தாய். அதைத் தெரிந்துகொள்ள இந்த ஊர் சரியான இடம். இங்கே கல்லூரிப் பையன்கள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலை (நம் ஊர்க் கால்பந்து இல்லை) ஆட்டமாக மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றி அடுத்தவன் என்ன பேசுகிறான் என்பதையும் வாரம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

காரணம் எளிது. நெப்ராஸ்கா மாநிலம் முழுவதிலும் ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். தொழில்முறை என்.எஃப்.எல். அணி ஒன்றுகூட இங்கே கிடையாது. ஒமாஹாவில் அலுவலகம் போகிறவருக்கும், மேற்கே நாலைந்து மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் மாட்டுப் பண்ணைக்காரருக்கும் ஒரே அணி: பல்கலைக்கழகத்தின் கார்ன்ஹஸ்கர்ஸ். மக்காச்சோளக் கதிரின் மட்டையை உரிப்பவர்கள் என்று பொருள். இப்போது வந்தால் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சோளம் நிற்பதைப் பார்க்கலாம். பெயர் ஏன் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்ததாகவே கணக்கு. 85,000 பேருக்கு மேல் உட்காரும் இடம் அது. ஒமாஹா, லிங்கன் போக மாநிலத்தில் வேறு எந்த ஊரிலும் அவ்வளவு ஜனம் இல்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று அதே மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். எல்லாம் பல்கலைக்கழக மாணவர்களை நம்பி வந்த கூட்டம்.

ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. பொதுவாகக் காலை 11, பிற்பகல் 2.30, மாலை 6.30 என மூன்றில் ஒரு நேரத்தில் தொடங்கும். எந்த நேரம் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பாலும் 12 நாளைக்கு முன்புதான் சொல்லும், சில வாரம் 6 நாளைக்கு முன்பு. அதனால் சொந்த ஊர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையில் கல்யாணம் வைக்க இங்கே தயங்குவார்கள். அன்றைக்கு ஐ-80 சாலை ஒமாஹா வரை சிவப்புச் சட்டைகளால் நிரம்பும். புதிதாக வருகிறவர்களுக்கு இங்குள்ள தமிழர்கள் முதலில் சொல்லும் யோசனை, ஆட்டம் தொடங்கிய அரை மணி கழித்து மளிகை வாங்கப் போ என்பதுதான். கடையே காலியாக இருக்கும், பில் போடும் பையன் காதில் மட்டும் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும்.

ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதுவது புரியாது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சி. ஒவ்வொன்றும் ஒரு டவுன். எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதை, அது 1. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3. நான்காவது டவுனில் வழியில்லை என்றால் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அது பன்ட். இந்த உதைகளுக்கென்று தனியாக இறங்கும் ஆட்களுக்கு ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். இந்தப் பெயரை மறந்துவிடாதே.

இனி வாரம் எப்படிப் போகிறது என்று பார். ஞாயிறு காலை தேசிய அளவிலான பாட்காஸ்டுகள் வந்துவிடும். பருவத்தின் பெரும்பாலான வாரங்களில் உயர்பிரிவில் ஏறக்குறைய ஐம்பது ஆட்டங்கள் நடக்கும். அத்தனையையும் எழுபது எண்பது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால் நம் அணிக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தால் அதிகம். திங்கள் அன்று கோச் பத்திரிகையாளர்களைச் சந்திப்பார். அன்று மாலைக்குள் உள்ளூர்க்காரர்களின் பாட்காஸ்ட் வரும். செவ்வாய், புதனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து விளக்குகிறவர்கள் வருவார்கள். வியாழன் அடுத்த எதிரணி, வெள்ளி பந்தயக் கணக்கு.

ரசிகர்கள் இதில் முதலில் குறி வைப்பது ஞாயிற்றுக்கிழமைக்காரரைத்தான். அவர் தோல்வியைத் திட்டியது கோபமில்லை. இங்குள்ளவர்கள் அதைவிட மோசமாகத் திட்டுவார்கள். ஆட்டத்தைப் பார்க்காமல் பேசியது தெரிந்துவிட்டால்தான் கோபம். அது எப்படித் தெரியும்? பார்த்தவர் தருணத்தைச் சொல்வார்: மூன்றாவது கால் பகுதி, நம் பக்கத்து 35 யார்டு, நான்காவது டவுன், கோச் ஏன் பன்ட் செய்தார் என்று. பார்க்காதவர் அட்டவணையில் உள்ள மொத்தக் கணக்கை வாசித்துவிட்டு, "இந்த அணி எப்போதுமே நெருக்கத்தில் தோற்கும்" என்று முடித்துவிடுவார். முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். கோச் பெயர் மாட் ரூல். எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர் ஏதேதோ சொல்வார். வீரர்களின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பல்கலைக்கழகமே பட்டியல் தருகிறது. அதைக்கூட எடுத்துப் பார்க்காதவரின் மற்ற சொல்லை யார் நம்புவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் "எப்போதும் நெருக்கத்தில் தோற்கும்" என்பதை வெறும் வசை என்று தள்ளவும் முடியாது. 2021-ஆம் ஆண்டை எடுத்துக்கொள். பன்னிரண்டு ஆட்டம், மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசம்: 8, 7, 3, 3, 7, 5, 9, 7, 7. ஆண்டு முழுக்கக் கூட்டினால் நெப்ராஸ்கா எடுத்தது 335 புள்ளி, கொடுத்தது 272. ஒன்பது தோற்ற அணி 63 புள்ளி முன்னால் நிற்கிறது. பேசுகிறவர்களுக்கு இது விருந்தாகிப் போயிற்று.

ஒரு சாரார் சொன்னது, துரதிர்ஷ்டம், அடுத்த ஆண்டு தானே சரியாகும் என்று. கணக்குத் தெரிந்தவர்கள் பலரும் இதைச் சொன்னார்கள், காரணமும் இருந்தது. நெருக்கமான ஆட்டங்களில் வெற்றியும் தோல்வியும் பல ஆண்டுக் கணக்கில் பாதிக்குப் பாதி ஆகிவிடும். கையிலிருந்து நழுவித் தரையில் உருளும் பந்தும் அப்படித்தான், யார் கைக்குப் போகும் என்பது ஏறக்குறைய காசு சுண்டுவது போல. இன்னொரு சாரார், இந்த அணிக்கு மனத்திடம் இல்லை என்றார்கள். உள்ளூர் ரசிகர்கள் முதல் பேச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவதைக் கேட்டுக் குமுறினார்கள். இரண்டுமே ஆட்டத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம்.

தொட்டவர்கள் ஸ்பெஷல் டீம்ஸைப் பார்த்தவர்கள். இலினாய் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், தன் கோல் கோட்டருகே விழவந்த பன்ட்டை விட்டுவிடாமல் பிடிக்கப் போய் எதிரணிக்கு 2 புள்ளி தானம். ஓக்லஹோமாவோடு ஆடியபோது டச்டவுனுக்குப் பிந்திய 1 புள்ளி உதை தடுக்கப்பட்டது; தடுத்த அணி அந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டு மறுகோடி வரை ஓடி 2 புள்ளி எடுத்தது. மிச்சிகன் ஸ்டேட்டோடு நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் 20–13 என்று முன்னிலை. பன்ட் உதைக்கிறார்கள். தடுக்கப் போனவர்கள் ஒரு பக்கம் ஓட, பந்து மறுபக்கம் போய் விழுந்தது. எதிரே ஆளே இல்லாத வெளியில் அதை எடுத்த எதிரணி ஆட்டக்காரன் 62 யார்டு ஓடி டச்டவுன் வைத்தான். கூடுதல் நேரத்தில் 23–20 தோல்வி. கடைசி ஆட்டம் அயோவாவுடன்: 21–6 முன்னிலை, பன்ட் தடுக்கப்பட்டு அதிலேயே டச்டவுன், முடிவில் 28–21 தோல்வி.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா? ஒரே மூலையில் திரும்பத் திரும்பக் கூரை ஒழுகினால் மழையைக் குறை சொல்ல மாட்டோம். உதைப்பவன் எந்தப் பக்கம் உதைப்பான் என்பதும் ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதும் பயிற்சியில் தீரவேண்டிய விஷயம். அப்போதைய கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் இந்த மாநிலத்தில் பிறந்தவர், 1997-இல் இந்த அணி தேசிய பட்டம் வென்றபோது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அவர் மேல் ஊருக்கு அவ்வளவு பாசம். அதனால் உள்ளூர்ப் பாட்காஸ்டுகளில் சில இதை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தன. 2022 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு ஆட்டம். 28–17 என்று முன்னே இருக்கையில், பந்தை எதிரணிக்குத் தூர உதைக்க வேண்டிய இடத்தில், கிட்டே உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்த்தார்கள். பந்து எதிரணி கையில் போயிற்று. 31–28 தோல்வி. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் 45–42 தோற்றதும் ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டார். ஆண்டு நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடிந்தது. தானே சரியாகும் என்ற கணக்கு பலிக்கவில்லை.

அதன் பிறகுதான் இங்கே ரசிகர்களின் காது மாறியது. ரூல் வந்தபின் 2023-இலும் கடைசி நான்கு ஆட்டமும் தோல்வி. மூன்று 3 புள்ளியில், ஒன்று கூடுதல் நேரத்தில் 7 புள்ளியில். இந்த முறை துரதிர்ஷ்டம் என்று சொன்னவரைவிட, எத்தனை முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார்கள், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் என்று பட்டியலிட்டுச் சொன்னவரைத்தான் மறுநாள் அலுவலகத்தில் மேற்கோள் காட்டினார்கள். 2024-இல் ஏழு வெற்றி, ஆறு தோல்வி, 2016-க்குப் பிறகு முதன்முறையாகப் பருவ இறுதி பவுல் ஆட்டம், நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20–15 என்று வென்றார்கள். தேசியப் பாட்காஸ்டுகளுக்கு அது சின்ன விஷயம். எட்டாண்டு காத்திருந்தவர்களுக்கு அப்படியில்லை, அந்த வாரத்தில் அதை ஏளனமாகச் சொன்னவர்களை இன்னும் இங்கே மன்னிக்கவில்லை.

இப்போது ஜூலை. ஆட்டமே கிடையாது, ஆனால் பேச்சு உச்சத்தில் இருக்கிறது. நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் லீக் அணிகளின் கோச்சுகள் எல்லோரும் இந்த வாரம் லாஸ் வேகஸில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து முடித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று கான்சஸ் சிட்டியில் சின்சினாட்டியோடு முதல் ஆட்டம். அதுவரை ஒவ்வொரு பாட்காஸ்டும் இந்த ஆண்டு எத்தனை வெற்றி என்று கணிக்கும். இங்கே ஒரு நோய் உண்டு, ஆண்டுதோறும் "இந்த வருஷம்தான்" என்பது. வெளியூர்க்காரர் அதைச் சொன்னால் கேலி செய்கிறார் என்பார்கள், சொல்லாவிட்டால் மதிக்கவில்லை என்பார்கள். இதில் தவறு ரசிகர் பக்கம்தான் என்று சொல்வேன்.

உன் கபடிக்கு வருகிறேன். இங்கே நம்பகமானவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உனக்கு உதவும். ஒவ்வொரு முயற்சியும் வெற்றியா தோல்வியா என்று குறிப்பார்கள்: முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுத் தூரம் எடுத்தால்தான் வெற்றி. முதல் டவுனில் 10-க்கு 4 எடுத்தால் அது தோல்வி, மைதானம் கைதட்டினாலும். ஒரே ஓர் ஓட்டத்தில் 70 யார்டு கிடைத்து மொத்தக் கணக்கு வீங்கியிருந்தால் இந்த முறையில் உண்மை தெரிந்துவிடும். கபடியில் இதேபோல ரெய்டை வகை பிரித்து எழுது. எதிரே எத்தனை பேர் நின்றார்கள், புள்ளி எடுத்தே ஆகவேண்டிய டூ-ஆர்-டை ரெய்டா, போனஸ் கோடு நடப்பில் இருந்ததா, முடிவு என்ன. மொத்தம் 12 புள்ளி எடுத்தான் என்பதைவிட, ஐந்து டூ-ஆர்-டையில் நான்கைத் தாண்டினான் என்பதில் விஷயம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டில் ஆட்டம் நடக்கும்போதே எழுது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் கடைசிப் பத்து நிமிடம் மட்டுமே மிஞ்சும்.

ஆட்டக்காரரின் பெயர், ஊர்ப்பெயர், பட்டப்பெயர் மூன்றையும் அவர் வாயாலேயே கைபேசியில் பதிந்து வை. ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடு, பார்த்தவரைப் பேசவிடு. இங்கே அப்படிச் சொன்னவர்களை ரசிகர்கள் கைவிட்டதில்லை. கேட்பவர் பிழை காட்டினால் அடுத்த வாரம் முதல் இரண்டு நிமிடத்திலேயே திருத்து. கடைசியில் திருத்தினால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த ஊர் ஆட்டம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறிப்பில் போடு. தன் ஊர் ஒன்றரை நிமிடம்தான் என்றாலும் நேராக அங்கே போய்க் கேட்பான்.

பதிவுக்கு மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தனித் தடம், காதில் ஹெட்ஃபோன். ஸ்பீக்கரில் கேட்டால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் ஏறி எதிரொலிக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. நம் வீட்டு முன்னறை வேண்டாம், வெறும் சுவரும் சிமெண்ட் தரையும் முழங்கும். துணி அலமாரி இருக்கும் உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். வியர்க்கும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள்.

முதல் பதிவை அனுப்பு. கேட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் என்ன என்று குறித்து எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணன்