போலந்தின் செங்கோவாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீ சொல்லச் சொல்ல ஜெனி எழுதிய கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியோடு முடித்துக்கொள்கிறான் என்று திட்டியிருக்கிறாய், அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

குளிரைக் கேட்டிருந்தாய். காலையில் பட்டறைக்கு நடக்கும்போது மூக்குக்குள் இருக்கிற ஈரமே உறைந்துபோகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. இப்போது ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், அதனால் சனிக்கிழமை முழுக்க ஓய்வுதான். சாப்பாட்டுக்கு பியேரோகி என்று ஒன்று அவிக்கிறார்கள், உள்ளே உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி. அதை உன் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரப் பாட்டி ஒரு விரல் நக்கிப் பார்த்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார். விநோதமான மனுஷி. எனக்குப் புரியவில்லை என்றால் அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொல்வார், காது கேட்காதவனுக்குச் சொல்வதுபோல. விறகை எண்ணித்தான் அடுப்பில் போடுவார்.

இந்த ஊர்க் கோயிலை அப்பா பார்க்க வேண்டும் அம்மா. புனித பிலிப்பு, யாக்கோபு கோயில். 1520 வாக்கில் கட்டியது, முழுக்க மரம். லார்ச் என்கிற மரத்தின் தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் வெட்டிக் கோத்திருக்கிறார்கள். சுவரைவிடக் கூரைதான் பெரிது, பலகைச் சீவல் வேய்ந்து தாழ இறங்கி வருகிறது. சுற்றிலும் தாழ்வாரம். அந்தக் காலத்தில் தூரத்திலிருந்து பூசைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை இரவே வந்து அதில் தங்குவார்களாம். 2003இல் யுனெஸ்கோ தென்போலந்தின் ஆறு மரக்கோயில்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இதுவும் ஒன்று.

அது இன்றைக்கு நிற்பதே பெரிய விஷயம். 1914 கடைசியில் ரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் இங்கே எதிரெதிரே பதுங்குகுழி வெட்டி அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிடந்தார்கள். போலந்து என்று ஒரு நாடே அப்போது வரைபடத்தில் கிடையாது, இந்தப் பக்கம் ஆஸ்திரியாவிடம் இருந்தது. எரிக்கவும், குழிக்கு முட்டுக்கொடுக்கவும் ஆஸ்திரியச் சிப்பாய்கள் கோயில் மரத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவர்களும் வேதக்காரர்கள்தானே! பாட்டி இதைச் சொல்லும்போது கைத்தடியால் தரையைக் குத்துகிறார். இந்தக் குளிரில் இருந்து பார்த்தபிறகு எனக்கு அவர்களை முழுசாகத் திட்ட மனம் வரவில்லை. பாட்டியிடம் சொல்லவில்லை, சோறு கிடைக்காது. அப்போது இந்தக் கோயில் திருநாள் மே 1. மறுநாள், 1915 மே 2 காலையில் பீரங்கி முழங்கியது. பக்கத்து டவுன் கோர்லித்சே நாசமாகிவிட்டது. 1854இல் உலகத்திலேயே முதன்முதலாகத் தெருவில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய ஊர் அது. போருக்குப் பிறகு கோயிலைச் சரிசெய்தார்கள். எது பழைய மரம், எது பிறகு வைத்தது என்று அப்பா தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார், தோணி வேலை செய்த கை.

போன ஞாயிறு அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் அளவு பனி, ஒரு ஆள் இல்லை. தூத்துக்குடி வெயிலில் நின்றுகொண்டு பனிமய மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தோம். ஆகஸ்ட் 5 தேர் அன்றைக்கு உன் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வியர்வையும் மல்லிகைப்பூவும் நெரிசலுமாக... விடு. எனக்கு உன் கையால் ஒரு வாய் மீன்குழம்புச் சோறு வேண்டும் அம்மா, வேறொன்றும் வேண்டாம்.

சரி, ஜெனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு, அந்த முதல் ஓலை, எப்போது வாசிக்கிறார்கள் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுது. மே மாதம் பட்டறையில் வேலை அதிகம், லீவு கிடைப்பது சந்தேகம். என்னை எதிர்பார்த்துத் தேதியை மாற்றாதீர்கள். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாக வரும், பேங்கில் ஏதோ பிரச்சினை, அவ்வளவுதான். சீட்டுக்கார அக்காவிடம் பத்து நாள் பொறுக்கச் சொல். என் சங்கிலியை விற்றுவிடு, இங்கே நான் நகை போடுவதே இல்லை. அப்பா கண் ஆபரேஷனைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அந்தோணி சித்தப்பாவிடம் சுவர்ச் சண்டையைக் கல்யாணம் முடிகிறவரை எடுக்கவே வேண்டாம், பந்தலுக்கு அவர் முற்றம்தானே வேண்டும். முதல் பத்திரிகையை அவர் வீட்டில் கொடு, மைனியையும் கூட்டிக்கொண்டு போ.

உன் மகன்,
சேவியர்