விஜயாவின் பேத்திக்கு ஒரு பதில்

கேத்தி, நீலகிரி

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. சம்பந்தி வீட்டு விவகாரம் சுமுகமாக முடிந்ததில் சந்தோஷம். மற்றதை நேரில் பேசுவோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு மட்டும் முட்டி வலி, குளிர் ஏறினால் கூடிவிடுகிறது. பாலாடா பக்கம் கேரட் அறுவடை மும்முரம். ஆட்கள் விடிவதற்கு முன்பே வண்டி ஏறிவிடுகிறார்கள். பிடுங்கி, மிஷினில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியாக வேண்டுமே.

உன் பேத்தியின் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். கேரட்டை விட உருளைக்கிழங்கு சிப்ஸில்தான் பொட்டாசியமும் நார்ச்சத்தும் அதிகம் என்கிறாளா? அவள் பார்த்த அட்டவணை சரிதான். 100 கிராம் பச்சைக் கேரட்டில் பொட்டாசியம் 320 மில்லிகிராம், நார்ச்சத்து 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதே 100 கிராம் சிப்ஸில் பொட்டாசியம் 1,200 மில்லிகிராம் வரை வரும், நார்ச்சத்தும் 4 கிராம் தேறும். நீ திட்டியது அநியாயம்!

விஷயமே தண்ணீரில் இருக்கிறது. கேரட்டில் 100க்கு 88 பங்கு தண்ணீர். உருளைக்கிழங்கிலும் 80 பங்கு வரை தண்ணீர்தான். ஆனால் சீவிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் சலசலவென்று நுரைக்கிறதே, அதுதான் தண்ணீர் ஆவியாகிப் போகும் சத்தம். நுரை அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். அது போன இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்றரை, நான்கு கிலோ கிழங்கு போகும். கிழங்கின் சத்தெல்லாம் சுண்டிக் கிடப்பதால் எடைக்கு எடை பார்த்தால் சிப்ஸ் ஜெயிக்கத்தான் செய்யும். கேரட்டையும் காயவைத்து வற்றல் போட்டு நிறுத்துப் பார்க்கச் சொல், கணக்கு தலைகீழாகிவிடும்.

அதனால் கலோரியை வைத்துப் பார்க்கச் சொல். 50 கிராம் பாக்கெட்டில் 270 கலோரி, அதில் எண்ணெய் மட்டும் 17, 18 கிராம். டிவி பார்த்துக்கொண்டே காலி செய்துவிடுவாள். அதே 270 கலோரிக்குக் கேரட் தின்ன வேண்டுமானால் 650 கிராம் வேண்டும். குதிரைகூட யோசிக்கும். தின்று முடித்தாளானால் பொட்டாசியம் 2,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். பாக்கெட்டில் கிடைத்தது 600. தினமும் அப்படித் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும் என்பதையும் சொல்லிவிடு, பயப்படப்போகிறாள்.

வைட்டமின் ஏ-க்கு வந்தால் போட்டியே இல்லை. ஒரு பெரியவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது கிட்டத்தட்ட முழுசும் 100 கிராம் கேரட்டில் இருக்கிறது. சிப்ஸில் பேருக்குக்கூடக் கிடையாது.

ஆனால் "பச்சையாகத் தின்றால்தான் சத்து" என்று நீயும் அவளை வற்புறுத்தாதே. கேரட்டில் இருக்கும், உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. பச்சையாக மென்றால் பாதிக்கு மேல் நாரோடு நாராக வெளியே போய்விடும். வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து, தேங்காய்ப்பூ போட்ட பொரியலில்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். எண்ணெயே எதிரி என்று பேத்தியிடம் பேச ஆரம்பித்தால் அவள் இதைச் சொல்லி உன்னை மடக்கிவிடுவாள், ஜாக்கிரதை. சிப்ஸையும் அடியோடு நிறுத்த வேண்டாம். சின்ன பாக்கெட்டாக, எப்போதாவது வாங்கிக் கொடு. அந்த வயதில் நாம் என்ன வாழைக்காய் வறுவலை விட்டுவைத்தோமா?

வெள்ளிக்கிழமை மகன் கோவை வருகிறான், ஒரு பை கேரட் கொடுத்துவிடுகிறேன். மண்ணோடுதான் இருக்கும், அப்படியே வை. மிஷினில் தோல் உரசிய கேரட் சீக்கிரம் வாடிவிடும். தழை இருந்தால் மட்டும் உடனே திருகி எடுத்துவிடு, இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். போன தடவை நீ வைத்துக்கொண்ட எவர்சில்வர் தூக்கை அவனிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
கமலா