மகளுக்கு, விண்வெளி வேலை பற்றி

வெள்ளவத்தை

அன்பு மகள்,

அந்த அமெரிக்கக் கம்பனி உன் விண்ணப்பத்தைத் திருப்பியதில் எனக்கும் கவலைதான். ஆனால் "மெக்கானிக்கல் படித்ததே பிழை, கொம்பியூட்டர் எடுத்திருக்கலாம்" என்று நேற்றுச் சொன்னாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உனக்குத் தடை கடவுச்சீட்டு. அங்கே ரொக்கெட் தொழில்நுட்பம் ஆயுத ஏற்றுமதி விதிகளுக்குள் வருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்ட்டோ இல்லாதவரை அந்த வேலைக்கு எடுப்பதென்றால் அரசாங்க அனுமதி வேண்டும், அந்தத் தலையிடி வேண்டாமென்றுதான் பெரும்பாலான கம்பனிகள் ஒதுங்கிவிடுகின்றன. கொம்பியூட்டர் படித்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

செய்மதியில் மெக்கானிக்கல் ஆளுக்கு என்ன பெரிய வேலை என்றும் கேட்டாய். பிள்ளை, துறைமுக வேர்க்‌ஷொப்பில் பெயரிங்கும் கிறீஸுமாகவே காலத்தைக் கழித்தவன் நான், வியாழன் கோளுக்குப் போன கலிலியோ விண்கலத்தின் கதையை வாசித்தபோது நெஞ்சு பதறிவிட்டது. 1986 இல் சலேஞ்சர் விண்ணோடம் வெடித்ததால் அதன் பயணம் 1989 வரை தள்ளிப்போனது, அதற்கிடையில் அதை லொறியில் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்குமாகக் கொண்டு திரிந்தார்கள், அந்த அதிர்வில் பெரிய அன்டெனாவின் கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளில் பூசியிருந்த உலர் மசகு தேய்ந்துபோனது என்பதுதான் விசாரித்தவர்களின் முடிவு. 1991 இல் குடை மாதிரி விரிய வேண்டிய நேரத்தில் சில கம்பிகள் இறுகி நின்றுவிட்டன. வியாழனில் எடுத்த படங்களையெல்லாம் சின்ன அன்டெனாவால் மெல்ல மெல்லத்தான் அனுப்ப முடிந்தது. வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிப் போய் லென்ஸில் படியும், பூச்சுப் போன உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கிறவர் யார்? உன்னைப் போல ஒருவர்தான்.

நீ இப்போது ஜேர்மனியில் கார்ப் பாகங்களை அதிர்வு மேசையில் பூட்டிச் சோதிக்கிறாய் அல்லவா, அதைக் குறைவாக நினைக்காதே. பெரும்பாலான செய்மதிகள் அப்படியொரு மேசையில் ஏறிய பிறகுதான் ரொக்கெட்டில் ஏறுகின்றன. அப்புறம் வெற்றிட அறைக்குள் வைத்துச் சூட்டிலும் குளிரிலும் வாட்டுவார்கள், அந்த வெப்பக் கணக்கை மட்டும் நீ இன்னும் படிக்க வேண்டும்.

எனக்குச் சரியாகப் படும் வழி யப்பான். நம் நாட்டின் முதல் செய்மதி ராவணா-1, பத்து சென்றிமீற்றர்ப் பெட்டி, ஒரு கிலோ அளவுதான். யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்த நம் பொறியியலாளர் இருவர் செய்தது, 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விட்டார்கள். நீ படித்த மொறட்டுவைக் கம்பஸுக்குக் கிட்ட இருக்கிற ஆதர் சி. கிளார்க் நிலையத்தின் திட்டம் அது. அதே கியூஷுவில், விண்வெளியில் இப்போதுதான் கால்வைக்கும் நாடுகளின் ஆட்களுக்கென்று ஐ.நா.வும் யப்பானும் சேர்ந்து சிறு செய்மதிப் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. சின்னக் குழு என்றபடியால் சட்டகம், வெப்பம், சோதனை என்று எல்லாவற்றிலும் கை வைக்கலாம், பெரிய கம்பனியில் வருடக்கணக்காக ஒரு சின்னப் பாகத்தையே வரைந்துகொண்டிருக்க வேண்டி வரும்.

சம்பளம் குறையும், தெரியும். வீட்டுக்கு இப்போதைக்கு அனுப்பாதே, பென்ஷன் வருகிறது, சமாளிப்போம்.

உன் கம்பஸ் புரொஜெக்ட் ரிப்போர்ட் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, விண்ணப்பத்துக்குத் தேவையென்றால் சொல்லு, ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். அம்மாவுக்கு உன்னோடு கதைக்க வேண்டுமாம், ஞாயிறு எடு.

அப்பா