ஷெரீப் பொறுக்கிய நடுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியை ஆட்டிப்படைத்த அரசியல் தாதா இனாக் ஜான்சனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோட்டில் செருகிய சிவப்பு கார்னேஷன் பூ, ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல் ஜாகை, 1929 மே மாதம் அல் கபோன் உள்பட ரவுடித் தலைவர்கள் கூடிய கூட்டம் எல்லாம் விறுவிறுப்புத்தான். ஆனால் முப்பது வருஷம் அவரை ஏன் அசைக்க முடியவில்லை என்பதை ‘மக்கள் செல்வாக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கன்னியாகுமரியில் சங்கு, சிப்பி விற்பவனுக்கு அது போதவில்லை.

சீசன் ஊர்க்காரன் கணக்கு வேறு. இங்கே கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வரத் தொடங்கினால் தை வரை. அங்கே கோடை மூன்று மாதம். அதில் சம்பாதிப்பதுதான் வருஷம் முழுக்கச் சோறு. (சீசன் கடை ஏலம் நெருங்கும்போது நாங்கள் எவ்வளவு பவ்வியமாகிவிடுவோம் என்பதை வெளியூர்க்காரர்கள் பார்த்ததில்லை.) வருகிறவர்களுக்கு மதுவும் சூதாட்டமும் வேண்டும். அதைத் தடையில்லாமல் நடத்திக் கொடுப்பவரை லாட்ஜ்காரரும் காட்டிக்கொடுக்க மாட்டார், கடற்கரை நடைபாதையில் பயணிகளை உட்காரவைத்து நாற்காலி வண்டி தள்ளுகிறவரும் காட்டிக்கொடுக்க மாட்டார். 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு. அந்த ஊரில் பெயருக்கு மட்டும்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பெருநடுவர் குழுவுக்கு ஆள் பொறுக்குவது அங்கே அப்போது ஷெரீப் எனப்படும் மாவட்டக் காவல் அதிகாரியின் வேலை. 1908இல் அந்தப் பதவிக்கு வந்தவர் இதே ஜான்சன். அப்பாவும் ஷெரீப்பாக இருந்தவர். குழுவில் சொந்த ஆட்கள் என்றால் வழக்கு எங்கிருந்து முளைக்கும்? அந்த ஊர் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு உட்ரோ வில்சன் ஆளுநராக இருந்த 1911இல், நீதிபதி சாமுவேல் காலிஷ் ஷெரீப்பை ஒதுக்கிவிட்டு வேறு ஆட்களைக் கொண்டு குழு அமைத்தார். அப்புறம்தான் ஜான்சனுக்கு முந்தைய அரசியல் தாதா ‘கமடோர்’ கூன்லி சிக்கினார். தண்ணீர்க் குழாய் ஒப்பந்தம்: கொடுக்கிற இடத்திலும் அவர், எடுத்த கம்பெனியிலும் அவர் பங்கு. சிறைக்குப் போய்வந்தவரை 1920இல் ஊர் மறுபடி நகர ஆணையராக்கியது. 1934இல் சாகும்வரை பதவி போகவில்லை.

ஜான்சனைச் சாய்த்ததும் ஊர் அல்ல, வெளியிலிருந்து வந்த வருமான வரிக்காரர்கள். மாவட்டப் பொருளாளராக ஜான்சன் வாங்கிய சம்பளம் வருஷத்துக்கு 6,000 டாலர். வாழ்ந்ததோ ராஜா மாதிரி. நம்பர் லாட்டரிக்காரர்களிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு, அரசியல் செலவுக்குப் போய்விட்டது என்றார். 1941இல் 10 ஆண்டு சிறை, 20,000 டாலர் அபராதம். 1945இல் பரோலில் வந்துவிட்டார். இதைத்தான் ‘வீழ்ச்சி’ என்கிறது கட்டுரை. நாற்காலி காலியாகவே இல்லையே! மாநில செனட்டர் பிராங்க் ஃபார்லி உட்கார்ந்தார், 1971 வரை எழுந்திருக்கவில்லை.

ஃபார்லியை மட்டும்தான் ஊர் ஓட்டுப் போட்டு இறக்கியது. அதற்குள் விமானம் ஏறிக் கோடை விருந்தினர் வேறு கடற்கரைகளுக்குப் போய்விட்டார்கள். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வந்த நிருபர்கள் ஓட்டல்களின் பாழடைந்த நிலையை நாடறிய எழுதினார்கள். அறைகள் நிரம்பியவரை வாய் திறக்காத ஊர், காலியான பிறகு திறந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

முடிந்தால் அந்த ஃபார்லி காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஓட்டல்காரர்களில் முதலில் அவரைவிட்டு விலகியது யார், எதற்காக என்று தெரிந்துகொள்ள ஆசை.

இப்படிக்கு,
சங்குக் கடை வாசகர்,
கொட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்